நீக்க மறந்த சட்டம்

நிவேதா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று உன் அப்பா சிரிக்கிறார். “ரெண்டு கதவு தாண்டினா பொண்ணு. இதுக்கு எதுக்கு பேப்பர்?” என்கிறார். சிரித்துவிட்டு அவரே பேனாவும் தேடிக் கொடுத்தார். நேரில் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் எழுந்து அடுப்பைத் துடைக்கப் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும். உன் நிச்சயதார்த்தம் முடிந்து பதினொரு நாள் ஆகிறது. இந்தப் பதினொரு நாளில், மறுநாள் மதியம் நடந்த பேச்சைத் தவிர, நீயும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் ஜாக்கெட் அளவு, பத்திரிகையில் விட்டுப்போன பெயர்கள், மண்டபத்துச் சாவியை எத்தனை மணிக்குத் தருவார்கள் என்பது மட்டும்தான். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஆனேக்கல் மாமா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் நாம் யார் என்று சொல்லிக்கொள்ள நீ கூச்சப்படுகிறாய், பெற்றவர்களையும் தாய்மாமனையும் பார்த்து வெட்கப்படுகிறாய் என்று அவர் நினைக்கிறார். அப்படி நினைத்தது அவர் மட்டும் இல்லை. பல வருடமாக நானும் அப்படித்தான் நினைத்தேன். அது உண்மை இல்லை என்பதையும், தவறு யாருடையது என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். இந்த வீட்டை விட்டுப் போகும்போது நீ அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு போகக் கூடாது. என் விஷயங்களை யாரிடமும் சொல்லாதவள் நான், உனக்கே தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். காட்டினால் நல்லது.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதே. அங்கே தொடங்கினால்தான் எனக்கு இதைச் சொல்ல வரும். பள்ளியில் உன்னிடம் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் “கம்ப்யூட்டர்” என்று சொல்லி முடித்துவிடுவாய். நானும் திருத்தியதில்லை. நீ பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தேன், ஒருநாளும் கறுப்புக் கோட்டுப் போடவில்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பிரிட்டன் சட்டங்களைத் திருத்துகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? திருத்துவது சட்டத்தை அல்ல, சட்டப் புத்தகத்தை. அங்கே நாடாளுமன்றம் புதிதாக ஒரு சட்டம் போட்டால், அது பழைய சட்டங்களில் எந்தெந்த வரியை மாற்றுகிறது என்று பார்த்து, அங்குள்ள ஒரு பதிப்பகத்துக்காக நாங்கள் இங்கே கணினியில் மாற்றி வைப்போம். நீக்கிய வரிகள் இருந்த இடத்தில் புள்ளிகள் வைக்க வேண்டும். கீழே, இன்ன சட்டத்தால் நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக எனக்குச் சம்பளம் கொடுத்து, உன்னைப் படிக்கவைத்தது பெரும்பாலும் இந்தப் புள்ளிகள்தான்.

நான் சேர்ந்த புதிதில் அங்கே ஒரு விசித்திரமான சட்டம் வந்தது. புதிதாக எதையும் செய்யச் சொல்லாத சட்டம் அது. காலாவதியான பழைய சட்டங்களை ஒழித்துக்கட்டுவது மட்டுமே அதன் வேலை. சட்டத்தின் முகப்பில் இரண்டு மூன்று பத்திதான். பிறகு பக்கம் பக்கமாகப் பட்டியல். ஒரு பக்கம் பழைய சட்டத்தின் பெயர், எதிரே எவ்வளவு நீக்கம் என்ற விவரம். சிலவற்றுக்கு எதிரே ‘முழுவதும்’ என்று இருக்கும். சிலவற்றுக்கு இன்ன பிரிவு, இன்ன சொற்கள் மட்டும் என்று இருக்கும். குதிரை வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கிய சாலைகள், ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதிகள், என்றோ நடந்து முடிந்த ஒரு லாட்டரி, எல்லாம் அந்தப் பட்டியலில் வரிசையாக நின்றன. இந்தியாவில் தண்டவாளம் போட வந்த கம்பெனிகளுக்காக லண்டனில் இயற்றிய சட்டங்களும் அதில் இருந்தன. அதை வீட்டில் வந்து சொன்னபோது உன் அப்பா, சிக்னல் வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தவர், “அப்போ எங்க ரயில்வேயை இப்பதான் முழுசா விட்டாங்களா? நாளைக்கு டிப்போல சொல்லணும், இனிமே ஒழுங்கா வேலை செய்யச் சொல்லி” என்றார். உனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். நீயும் சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பை விட ஆச்சரியம்தான் அதிகம். எங்கள் டீம் லீடிடம் போய்க் கேட்டேன். “சார், இந்தக் கம்பெனியே இப்ப இல்ல. கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. சட்டம் மட்டும் எப்படி இத்தனை நாள் இருந்தது?” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “யாரும் எடுக்கல மேடம், அதான் இருந்தது” என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி விளக்கினார். இங்கிலாந்தில் ஒரு சட்டம் பயன்படாமல் கிடப்பதால் மட்டும் செத்துப்போவதில்லை. போட்டவர்கள் மறந்துவிடலாம், போட்ட காரணம் மறைந்துவிடலாம். எழுதி நீக்கும்வரை அது உயிரோடுதான் இருக்கும். அப்படி நீக்குவதற்கு முன்னால், அதற்கென்றே உள்ள ஓர் ஆணையத்தார் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு குறிப்பு எழுதுவார்கள். எந்தக் கஷ்டத்துக்காக இதைப் போட்டார்கள், அந்தக் கஷ்டம் இப்போது இருக்கிறதா, இன்னும் யாராவது இதை நம்பி நடக்கிறார்களா என்று சம்பந்தப்பட்டவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்டு எழுதுவார்கள். அந்தக் குறிப்புகளை நான் கதை படிப்பதுபோல் படித்திருக்கிறேன். யாரோ ஓர் ஊரில் யாரோ பயந்து போட்ட உத்தரவைக்கூட அத்தனை பொறுமையாக விசாரித்திருப்பார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு, தன் வீட்டிலேயே அப்படி ஓர் உத்தரவு கிடக்கிறது என்று தெரியவில்லை.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய். நாம் அப்போது ஒக்கலிபுரத்தில் குடியிருந்தோம். ஆற்றுத் தண்ணீருக்காக இரண்டு மாநிலத்துக்கும் தகராறு முற்றி, மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். ரயில்வே பாலத்துக்குக் கீழே ஏழெட்டு இளைஞர்கள் சாலையின் குறுக்கே மரக்கிளையைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வயது இருபத்தாறு. அதற்கு முன்தினம் என்னென்னவோ செய்திகளைக் கேட்டிருந்தேன். அவர்களை நெருங்கும்போது நீ சத்தமாக, “அம்மா, ஏன் எல்லாக் கடையும் மூடியிருக்கு? இன்னிக்கு ஐஸ் கிடைக்காதா?” என்று கேட்டாய். ஒருவன் திரும்பிப் பார்த்தான். நான் உன் மேல்கையைப் பிடித்துக் கிள்ளினேன். விளையாட்டுக்கு இல்லை, நன்றாகவே கிள்ளினேன். குனிந்து உன் காதில் சொன்னேன்: “வெளியில தமிழ் பேசக் கூடாது. வீட்டுக்குள்ள மட்டும்தான். வெளி ஆளுங்க யார் எதிர்லயும் பேசாதே. நான் சொல்ற வரைக்கும்.” நீ அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு தலையை ஆட்டினாய். திரும்பிப் பார்த்த அந்த இளைஞன் கிளையை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, “ஹோகி அம்மா, ஹோகி” என்று கன்னடத்தில் போகச் சொல்லி நமக்கு வழி விட்டான். உன் முழங்கால் முள்ளில் படாமல் தன் காலால் கிளையை அழுத்திக்கொண்டான். அன்று நமக்கு யாரும் ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னைத் தவிர.

நாலைந்து நாளில் பஸ் ஓடியது. அடுத்த வாரமே நான் பூக்காரம்மாவிடம் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். என்னைப் பொறுத்தவரை அந்தக் கிள்ளலும் அந்த வார்த்தையும் அந்த மதியத்தோடு முடிந்துவிட்டன. பிறகு சுத்தமாக மறந்தும்போனேன். மறந்துபோனேன் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது. ஆனால் அதுதான் நிஜம்.

நீ மறக்கவில்லை. கதவு சாத்தியிருந்தால் நீ வாய் ஓயாமல் தமிழில் பேசுவாய். நான் வாங்கி வந்த தமிழ்ப் புத்தகங்களைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பாய். காலிங் பெல் அடித்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவாய். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் என்னிடமே கன்னடத்தில் பேசுவாய். முதலில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழந்தை எப்படிச் சரளமாகப் பேசுகிறது பார் என்று உன் அப்பாவிடம் பெருமைகூடப் பட்டேன். உனக்குப் பதினைந்து வயதானபோது அது வேடிக்கையாக இல்லை. உன் சிநேகிதிகள் முன்னால் நான் தமிழில் ஏதாவது கேட்டால் நீ கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாய். இவளுக்கு நம்மைப் பார்த்தால் கேவலமாக இருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். உன் அப்பாவின் சிக்னல் வேலை, ஒக்கலிபுரத்து ஒற்றை அறை, மாமாவின் வெல்டிங் பட்டறை, எல்லாவற்றையும் நீ மறைக்கிறாய் என்று நினைத்தேன். உன்னிடம் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. கேட்காமலே தண்டித்தேன். உன் பட்டமளிப்பு விழாவுக்கு எனக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை என்று சொன்னேன் அல்லவா? அன்று எனக்கு விடுப்பு. உன் அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு நாள் முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் நடுவில் நீ என்னை எந்த மொழியில் கூப்பிடுவாய் என்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நீ கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோவில் உன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருக்கிறது. நீ எனக்காக விட்ட இடம் என்று அப்பா பிறகு சொன்னார். அதைக் கேட்டும் நான் இளகவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மாமா காலையிலேயே ஆனேக்கல்லிலிருந்து பஸ் ஏறி, இரண்டு கையிலும் சீர்த்தட்டோடு மண்டபத்து வாசலில் வந்து நின்றார். நீ வாசலில் மாப்பிள்ளை சுமந்த்தின் அத்தைகள் நடுவில் நின்றிருந்தாய். அவரைப் பார்த்துக் கைகூப்பி, “பந்த்ரா மாமா? ஊட்ட ஆய்த்தா?” என்றாய். வந்தீர்களா, சாப்பாடு ஆயிற்றா என்று, முன்பின் தெரியாத விருந்தாளியைக் கேட்பதுபோல. அவர் தட்டை மேடையில் வைத்தார், உன் தலையில் கைவைத்தார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து உன் மாமியார் ஆகப் போகிறவர், பாவம், நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து “சோதர மாவ எல்லி?” என்று தாய்மாமனைத் தேடினார். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணை மணமேடைக்குத் தூக்கி வருவது தாய்மாமன்தானாம். அவரிடம் பேசிவைக்க வேண்டுமாம். அவசர வேலையாகப் போய்விட்டார் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் மதியம், நீ பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தபோது, எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

“உனக்கு நாங்க யாருன்னு சொல்லிக்கவே கேவலமா இருக்கில்ல? அந்த மனுஷன் தட்டைத் தூக்கிட்டு நின்னாரு. அவர்கிட்டகூட உனக்கு வாய் வரலை.”

நீ நிமிர்ந்து பார்க்காமலே, “நீதானேம்மா சொன்னே” என்றாய்.

“நான் எப்போடி சொன்னேன்?”

“கிள்ளினியே. பாலத்துக்கிட்ட.”

எனக்கு எந்தப் பாலம் என்றே தெரியவில்லை. நீதான் மரக்கிளையை ஞாபகப்படுத்தினாய், ஐஸைச் சொன்னாய், நான் கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொன்னாய். “நான் சொல்ற வரைக்கும்னு சொன்னே. கொஞ்ச நாள் நீ எப்போ சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன். நீ சொல்லல. கேட்டா மறுபடி கிள்ளுவியோன்னு கேக்கல. அப்புறம் அதுவே பழகிடுச்சு. இப்போ யார் மேலயும் பயம் இல்லம்மா. அது அர்த்தமில்லாததுன்னு எனக்கும் தெரியும். ஆனா வெளி ஆள் ஒருத்தர் இருந்தாலும் தமிழ் தொண்டையோட நின்னுடுது. சுமந்த் ஒருநாள் ஒரு வார்த்தை பேசிக் காட்டுன்னு கேட்டான். எனக்கு வேர்த்துடுச்சு. ஏதோ ஜோக் சொல்லி மழுப்பிட்டேன்.” புடவையின் கரையை நேராக்கிவிட்டு மெதுவாகச் சொன்னாய்: “மாமாவைப் பார்த்ததும் ஓடிப் போகணும்னுதான் இருந்தது. சுத்தி அத்தனை பேர் இருந்தாங்க.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தேன்.

இதோ இப்போது எழுதுகிறேன். அன்று பாலத்தின் கீழே நான் போட்ட உத்தரவை நீக்குகிறேன். பயத்தில் போட்டது. அந்தப் பயத்துக்கு அன்றைக்கே பாதிக் காரணம்தான் இருந்தது, ஒரு வாரத்தில் அதுவும் போய்விட்டது. பதினேழு வருடம் நீ ஒருத்தி மட்டும் அதை நம்பி நடந்திருக்கிறாய். நீ யாரையும் பார்த்து வெட்கப்பட்டதில்லை. நான் சொன்னதைக் கேட்டாய், அவ்வளவுதான். சொன்னதைக் கேட்ட குழந்தையை, கேட்டதற்காகவே நான் வெறுத்துவிடப் பார்த்தேன். அவசர காலத்தில் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்காக எந்தத் தாயையும் குறை சொல்ல முடியாது. அவசரம் தீர்ந்தபின் திரும்பிவந்து ‘போதும்’ என்று சொல்லாததுதான் குற்றம். நாளைக்கு உனக்கும் ஒரு குழந்தை பிறக்கலாம். நீயும் ஏதோ ஒரு தெருவில் பயந்து ஏதோ சொல்லுவாய். சொன்னதை எங்கேயாவது குறித்து வைத்துக்கொள். நாம் மறந்தாலும் அதுகள் மறப்பதில்லை.

இன்னொன்றும் என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு சட்டத்தை நீக்கினால், அது இருந்த காலத்தில் நடந்தவை நடக்காதவை ஆகிவிடுவதில்லை. அந்தப் பட்டமளிப்பு விழா எனக்குத் திரும்பி வராது. அதேபோல், நீக்கிய இடத்தில் அதற்கு நேர்மாறான ஒன்று தானாக முளைத்துவிடுவதும் இல்லை. அதனால் இனிமேல் நீ எல்லார் முன்னாலும் தமிழில்தான் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு கிள்ளல். வாய்க்கு எது வருகிறதோ அதைப் பேசு. கன்னடமும் உன் மொழிதான், நீ பிறந்த ஊரின் மொழி. ‘எவ்வளவு நீக்கம்’ என்ற கட்டத்தில் அந்த ஓர் உத்தரவு மட்டும் என்று எழுதிக்கொள். ஈரத் தலையோடு வண்டி ஓட்டக் கூடாது, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டும் என்பவை இன்னும் அமலில்தான் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கடைக்குப் போகிறோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு ஆனேக்கல் போனோம். மாமா பட்டறையில் ஜன்னல் கம்பி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருவரிடம் தெலுங்கில் விலை சொல்லிக்கொண்டே, போனில் இன்னொருவரைக் கன்னடத்தில் திட்டினார். எங்களைப் பார்த்ததும், “வாங்க மாப்ளே” என்று அப்பாவை மட்டும் கூப்பிட்டார். நான் பேச ஆரம்பித்தேன்.

“எனக்குக் கன்னடம் வராதுன்னா நெனச்சுக் கோவிச்சுக்கிட்டேன்?” என்று இடைமறித்தார். “நாள் பூரா அதுலதான் பொழப்பு நடக்குது. பாஷை இல்ல விஷயம். என் தோள்ல உக்காந்து தேர் பாத்த பொண்ணு. அவ என்னை கேஸ் கம்பெனிலேர்ந்து வந்தவன்கிட்டப் பேசற மாதிரி பேசறா. நான் என்னா, சிலிண்டரா தூக்கிட்டு வந்தேன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், கிள்ளியது, மறந்தது, பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதது வரை. என் அண்ணனிடம் நான் இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “நீ அவகூட வெளியில எந்த பாஷையில பேசுவே?”

நான் யோசித்தேன். பூக்காரம்மாவிடம் தமிழ், ஆபீசில் இங்கிலீஷ். உன்னோடு?

“கன்னடத்துலதான்” என்று எனக்காக அப்பா பதில் சொன்னார். “ரெண்டு பேரும் வாசப்படி தாண்டினா கன்னடம்தான். நானும் பாத்துட்டேதான் இருக்கேன்.”

“அப்புறம் அவ மேல மட்டும் உனக்கு எப்படிக் கோவம் வந்துது?” என்றார் மாமா. நீ அப்படிப் பதில் சொல்கிறாய் என்று நானும் அப்படியே கேட்கப் பழகிவிட்டேன். நீயோ, நான் அப்படிக் கேட்பதால் உத்தரவு இன்னும் இருக்கிறது என்று நினைத்திருப்பாய். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெல்டிங் வைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. மூன்று கம்பிகள் ஒட்டி முடித்தபின், “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை நீ டெய்லர் கடை விஷயமாக எனக்குப் போன் செய்தாய். நான் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன், நல்ல கூட்டம். வழக்கமாகக் கன்னடத்தில் ‘ஹேளு’ என்றுதான் எடுப்பேன். அன்று “சொல்லும்மா” என்றேன். சின்ன வார்த்தைதான். வியர்வையில் கைப்பிடி வழுக்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் தன் போனில் யாரோ கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதான், பக்கத்தில் யாரும் இல்லையா என்று கன்னடத்தில் கேட்டாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்காகப் பயந்து கேட்டாய். “நிறைய பேர் இருக்காங்க” என்றேன் தமிழில். நீ அவசரமாக ஜாக்கெட்டின் கை நீளத்தைக் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு வார்த்தை சொல்ல எனக்கே இத்தனை படபடப்பு என்றால், ஏழு வயதிலிருந்து சுமந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நின்றபடியே யோசித்துக்கொண்டு போனதில் என் ஸ்டேஷன் தாண்டிவிட்டது.

இன்று காலை மாமாவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஏம்மா, அவங்க வழக்கத்துல பொண்ணைத் தூக்கிட்டு வரணுமாமே? மாப்ளே இப்பதான் சொல்றாரு. எனக்கு முதுகு எப்படி இருக்குன்னு தெரியுமில்ல? இரும்பு கேட்டு தூக்கித் தூக்கி ரெண்டு எலும்பு தேஞ்சு போச்சு. கையைப் பிடிச்சு நடத்திட்டு வந்தா ஒத்துக்குவாங்களா?”

நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். கண்டுகொள்ளவில்லை.

“நீயே அவகிட்டக் கேளுண்ணா” என்றேன்.

“கேக்கறேன். எப்போ கூப்பிடறது?”

உனக்கு மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு ஒரு மணிக்கு உன்னைக் கூப்பிடுவார். அதற்கு முன்னால் நீ படிக்க வேண்டும் என்றுதான் நாளைக் காலையில் இதை உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். உன் மேஜையைச் சுற்றி ஆபீஸ் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவருக்கும் அது தெரியும். நீ எழுந்து வெளியே போய்ப் பேசலாம், உட்கார்ந்த இடத்திலேயே பேசலாம். நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன், சாயங்காலம் வந்ததும் என்ன பேசினாய் என்றும் கேட்கமாட்டேன்.

போனை வைப்பதற்கு முன்னால் மாமா, “அவ எந்த பாஷைல பேசுவா?” என்றார்.

“தெரியாதுண்ணா. எதுல வேணா பேசலாம்.”

அந்தப் பக்கம் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்த யாரையோ நிறுத்தச் சொன்னார்.

“சரி விடு” என்றார். “நான் கேக்கப்போறது அவ எடை எவ்வளவுன்னுதான். எதுல சொன்னாலும் கிலோ கிலோதானே.”

அம்மா